ஒழுக்குக்கு ஈயம்

“எதைப் பார்த்துடி பயந்தே?”

பெர்சிதா அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டபோது ருமேனாவுக்கு நாற்பத்தொன்பது வயது. மூன்று பிள்ளை பெற்றவள். ஆள் கிடைக்காத வருஷம் தானே கத்தியை எடுத்துப் பன்றியை அறுத்தவள். யோசித்து யோசித்துப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை.

“பயந்த ஞாபகமே இல்லையே அம்மா.”

“அதான் பெரிய பயம். ஞாபகத்துக்குக்கூடத் தெரியாம உள்ளே போய் உக்காந்திருக்கு.”

இப்படிப்பட்ட மூளைக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்?

எங்கள் பிரெஸ்தோவிக்கில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயத்தைவிடப் பெரிய கூட்டம் பெர்சிதா வீட்டு வாசலில்தான் நிற்கும். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, “பெர்சிதா! பெர்சிதா இறங்கு!” என்று கத்த ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆயிற்று. ஊருக்கே பெயர் மாறியது அவ்வளவு சுலபமாக.

அவள் வைத்தியம் இதுதான். வந்தவள் தலைமேல் சிவப்புத் துணியைப் போர்த்துவாள். துணிக்கு மேலே தண்ணீர்ச் சட்டியைப் பிடிப்பாள். கரண்டியில் உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றுவாள். சொய்ங்! ஈயம் ஏதாவது ஒரு கோணல் உருவத்தில் உறையும். அதுதான் உள்ளே இருந்த பயம். நாய், சேவல், பாம்பு. யார் தலைக்கு ஊற்றினாலும் உருவத்துக்கு ஒரு வால் இருக்கும். உருகிய ஈயம் தண்ணீரில் விழுந்தால் வால் வராமல் கம்மலா வரும்? காசு கேட்கவே மாட்டாள். சிவப்புத் துணிக்கு அடியில் நாமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். வைக்காதவர்களின் பயம் திரும்பி வந்துவிடும். நல்ல விவரமான பயம்.

முன்பெல்லாம் தூக்கத்தில் அலறும் குழந்தைகளுக்குத்தான் ஊற்றுவாள். பிறகு கூடுதல் வாடிக்கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். இருமினால், தும்மினால், சிரித்தால், மூட்டை தூக்கினால் சிறுநீர் ஒழுகும் பெண்கள். ஊரில் பாதிப் பேர். ஆனால் ஒவ்வொருத்தியும் ஊரில் தான் ஒருத்திதான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ருமேனாவுக்கு அது பத்து வருஷமாக இருந்தது. மாமியார், “குளிர்ந்த கல்லுல உக்காந்திருப்பே” என்றாள். நாத்தனார், “எதிரெதிர் ஜன்னலைத் தொறந்து வெச்சுக் குறுக்குக் காத்துல நின்னிருப்பே” என்றாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வரும் எந்த நோய்க்கும் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணம் கிடையாது. ருமேனா கல்லில் உட்காருவதை விட்டாள். ஜன்னலை ஆணி அடித்து மூடினாள். கடைசியில் சிரிப்பதையும் விட்டாள். ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது.

இப்போது மகன் துஷ்கோவுக்குக் கல்யாணம். ஜனவரியில், கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாவது வாரம். எங்கள் வழக்கப்படி மணமகனின் தாய் கையில் சல்லடையோடு கோலோ ஆட்டத்தில் முதல் ஆளாக ஆட வேண்டும். பின்னால் முந்நூறு பேர் கைகோத்துச் சங்கிலியாக வருவார்கள். அது மெதுவாக நடக்கிற ஆட்டம் இல்லை, குதிக்கிற ஆட்டம். மாமியார் ஆடவில்லையென்றால் ஒரே அர்த்தம்தான்: மருமகளைப் பிடிக்கவில்லை. வந்த அன்றே அந்தப் பெண்ணின் காதில் அது விழும். பிறகு ஆயுசுக்கும் அழியாது.

அதனால்தான் ருமேனா வெட்கத்தை விட்டு நகரத்து டாக்டரிடம் போனாள். அவர் நான்கு நிமிஷம் கேட்டார். ஒரு சீட்டு எழுதினார். “பயிற்சி செய்யுங்க. அடுத்த ஆள்” என்றார். எந்தப் பயிற்சி, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு வெர்கா சீட்டைப் பிடுங்கிப் படித்தாள்.

“ஸ்ட்ரெஸ்னு போட்டிருக்காருடி! ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ். மனக்கவலை! பயம்! நான் அப்பவே சொல்லல? பெர்சிதாகிட்ட போ.”

அந்தச் சீட்டைப் பெர்சிதா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள், பெயர் இருந்த இடத்தை மட்டும் மடித்து. “டாக்டருக்கு நோய் தெரியும். மருந்து எனக்குத் தெரியும்” என்றாள். கூட்டம் இரண்டு மடங்கு ஆயிற்று.

நிபந்தனைகளும் இருந்தன. முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. உள்ளே வருமுன் மூன்று புனிதர்களின் பெயரைச் சொல்லி மூன்று முறை கழிப்பறைக்குப் போக வேண்டும். ஈயம் ஊற்றியதும் மூன்று முறை குதிக்க வேண்டும். குதித்தார்கள். ஒழுகவில்லை! அழுதுகொண்டே பெர்சிதாவின் கையை முத்தமிட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பது நாள் தண்ணீர் அதிகம் கூடாது, சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது. கால் ஒடிந்தவனிடம் “நடக்காதே, நொண்டவே மாட்டாய்” என்று சொல்வதும் வைத்தியம்தானே!

ருமேனாவுக்கு முதல் ஈயத்தில் நாய் வந்தது. இரண்டாவதில் சேவல். மூன்றாவதைப் பெர்சிதா நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முக்காடு போட்ட பொண்ணு. உன் மருமகதான். அவளைக் கண்டுதான் உனக்குப் பயம்.”

வெர்கா அதை அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாள். மறுநாள் மணப்பெண் போனில் அழுதாள். “நான் என்னத்த பண்ணேன் அத்தை?” என்று கேட்டாள். ருமேனாவுக்கு உண்மையைச் சொல்வதைவிட ஓநாயின் வாயில் கையை விடுவது சுலபமாக இருந்தது.

அந்த வாரமே மிளகாய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்தாள். செப்டம்பர் வெயில், நாக்கு காய்ந்த உடம்பு. மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்தவள் மருத்துவச்சி ஸகோர்க்கா. ஊரில் பாதிப் பிள்ளைகளை வெளியே இழுத்தவள், ருமேனாவின் மூன்றையும் சேர்த்து. அவள் வாய்க்குப் பயந்து பாதிரியாரே தெருவைக் கடந்து போவார்.

“கல்லு மாதிரி காஞ்சு கெடக்கே. யாரு தண்ணி குடிக்க வேணாம்னது?”

ருமேனா எல்லாவற்றையும் சொன்னாள். ஸகோர்க்கா ஈயக் கதையைக் கேட்டு முடித்தாள்.

“ஓட்டை அண்டாவுக்கு ஈயப் பத்து வெச்சா ஒழுக்கு நிக்கும். நீ என்ன அண்டாவாடி? டாக்டர் எழுதுன ஸ்ட்ரெஸ் மனசுல இல்ல. இருமுறப்போ வயிறு கீழ்நோக்கி அமுக்குதுல்ல, அந்த அமுக்கத்துக்கு அவங்க வெச்ச பேரு. மூணு பிள்ளை பெத்ததுல கீழே தாங்குற தசை தொய்ஞ்சு போச்சு. அவ்வளவுதான். நாயும் இல்ல, சேவலும் இல்ல.”

சிறுநீரைச் சோதித்து, கிருமி இல்லை என்று பார்த்தாள். நிறையத் தண்ணீர் கொடுத்து, முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, இருமச் சொன்னாள். இருமிய அதே நொடியில் ஒழுகியது.

“பாத்தியா? இதான் சோதனை. இதுக்குக் கரண்டி வேணாம்.”

பிறகு சொல்லிக் கொடுத்தாள். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோலக் கீழ்த் தசையை உள்ளே இழுத்துப் பிடி. பத்து எண்ணும்வரை. மூச்சை அடக்காதே. விடு. வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் இறுக்கு, அப்புறம் இருமு.

“எத்தனை நாளு?”

“மூணு மாசம் விடாம செய். தொப்பையையும் கொஞ்சம் கொற. சரியா வரலேன்னா உள்ள வைக்கிற வளையம் இருக்கு, சின்ன ஆபரேஷன் இருக்கு. கல்யாணம் எப்போ?”

“ஜனவரி.”

“அப்ப என்னடி அழுகை?”

அன்று ராத்திரி ருமேனா தானே மணப்பெண்ணுக்குப் போன் போட்டாள்.

ஜனவரி வந்தது. கல்யாண வாரத்தில் பெர்சிதா ஊர்க் கலாசார மண்டபத்தையே எடுத்துக்கொண்டாள். மாமியார்களுக்குச் சிறப்பு ஈயம்! நாற்பது பெண்கள் முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். கடைசி வரிசையில் இருந்தால் எல்லோருடைய கால்களும் தெரியும்.

மேடையில் ஆட்டுத்தோல் விரித்த நாற்காலி. அதில் பெர்சிதா, பக்கத்தில் ஒரு கல்யாணச் சல்லடை. ருமேனா இப்போதெல்லாம் தெருவில் வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்பது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

“இதோ ருமேனா! மூணு தடவை ஊத்துனேன். கேளுங்க அவளை!”

ருமேனா எழுவதற்குள் கதவு திறந்தது. ஸகோர்க்கா லிபா மரத்துப் பூவில் போட்ட ஒரு பெரிய பானைத் தேநீரோடு உள்ளே வந்தாள்.

“பெர்சிதா, நீ ஊத்துனா ஜென்மத்துக்கும் குணமாமே?”

“ஜென்மத்துக்கும்!”

“அப்ப இவங்க குடிக்கலாமே? பாவம், உதடெல்லாம் வெடிச்சிருக்கு.”

நாற்பது ஜோடிக் கண்கள் பானையைப் பார்த்தன. பெர்சிதா ஒரு கணம் தயங்கினாள். பிறகு பெருமை அவளைப் பிடரியில் பிடித்துத் தள்ளியது.

“குடிக்கட்டும்! நானே குடிக்கிறேன், கொண்டா!”

தேன் போட்ட சூடான தேநீர். ஆளுக்கு மூன்று கோப்பை, நான்கு கோப்பை. பெர்சிதா பயத்தின் வகைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். நாய்ப் பயம், இடிப் பயம், வரி ஆபீஸ் பயம். எனக்குக் கால்கள் தெரிந்தன. முதலில் கணுக்கால்கள் பின்னின. பிறகு முழங்கால்கள் ஒட்டின.

அப்போது ஸகோர்க்கா சுவரில் தொங்கிய மிளகாய்ச் சரத்திலிருந்து நல்ல காரமான ஒன்றைப் பறித்து, எரிந்துகொண்டிருந்த இரும்படுப்பின்மேல் போட்டாள்.

“நான் யாரையும் இருமச் சொல்ல மாட்டேம்மா” என்றாள்.

நெடி எழுந்தது. முன்வரிசை இருமியது, நடுவரிசை இருமியது, சுவரே இருமியது. அந்த மண்டபத்தில் கழிப்பறை ஒன்றுதான். அதை நோக்கி முப்பது பேர் குறுக்கிய கால்களோடு ஓடினார்கள். வாசலில் இடித்துக்கொண்டார்கள்.

“தள்ளுடி! எனக்குப் போன மாசம்தான் ஊத்துனாங்க!”

“எனக்குப் போன வாரம்!”

“வெர்கா, நீயுமா?”

“நான் பத்து வருஷமா! நீ எத்தனை?”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் இன்னும் நாலு பேருக்கு ஒழுகியது. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். தனித்தனியாக மூடிவைத்திருந்த ரகசியம் ஒரே வரிசையில் நின்றது.

ருமேனாவும் நாலு கோப்பை குடித்திருந்தாள். எல்லோரையும்விட உரக்க இருமினாள். நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மேடையில் இருந்த சல்லடையை எடுத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று, கோலோ அடியில், குதித்து ஆடிவந்தாள்.

“ரெண்டு சொட்டு” என்றாள் மூச்சு வாங்க. “முன்னே ரெண்டு டம்ளர்.”

“எப்படிடி? ஈயத்துலயா?”

“ஈயமாவது! நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு எட்டு. நாலு மாசம். ஒண்ணு ரெண்டுன்னு போன்ல எண்ணிச் சொன்னது யாரு தெரியுமா? நான் பயந்து நடுங்குற என் மருமக!”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மருமகளும் ஒரே சல்லடையைப் பிடித்து ஆடினார்கள் என்பதைப் பிறகு ஊரே பார்த்தது. ஆனால் மண்டபத்தில் அந்த நேரம் எல்லோரும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெர்சிதா இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. எங்கள் எல்லோரையும்விட அதிகம் இருமியவள் அவள். ஆட்டுத்தோலின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

யாரோ சிரிக்க வாயெடுத்தாள். ஸகோர்க்கா ஒரு பார்வையில் அதை அடக்கினாள். தன் கோட்டைக் கழற்றிப் பெர்சிதாவின் இடுப்பில் சுற்றினாள்.

“எத்தனை வருஷமா தண்ணி குடிக்காமலே இருக்கே?”

ஸகோர்க்கா பயிற்சி எழுதிய தாளை அவள் மடியில் வைத்தாள்.

தன் ஒழுக்கை மறைக்கத் தானே கண்டுபிடித்த தந்திரத்தைத்தான் அவள் எங்களுக்கு வைத்தியமாக விற்றிருக்கிறாள். அவளைத் திட்டுவது சுலபம். ஈயத்தில் வால் தேடிய நாங்கள் நாற்பது பேர். தண்ணீர் குடித்துவிட்டு இருமினால் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டிருந்தால் இரண்டு வருஷம் மிச்சம். அந்தக் கேள்விக்கு ஆகும் செலவு ஒரு டம்ளர் தண்ணீர். அதுகூடவா எங்கள் வீட்டில் இல்லை?

பெர்சிதா எழுந்தாள். சட்டியை எடுக்கவில்லை, கரண்டியை எடுக்கவில்லை. தாளை நான்காக மடித்தாள். கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற எங்கள் நடுவே நடந்து, வெளியே போனாள்.