கும்மாளபுரியில் உட்காரத் தடை

ஏழு மலை, ஏழு கடல் எல்லாம் தாண்ட வேண்டாம். நம் ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கும்மாளபுரி வந்துவிடும். சந்தோஷமான நாடு. இரவில் சத்தம் கேட்டால் மகாராஜாவுக்குத் தூக்கம் வராது என்பதால், மக்கள் பட்டப்பகலில்தான் ஆட்டக்கூடங்களில் கூடி ஆடுவார்கள். மேடையில் ஒருவர் மின்சாரத் தாளப்பெட்டியைத் திருகுவார். ஆளுயர ஸ்பீக்கர்கள் முழங்கும். கொத்தனார், நீதிபதி, மாமியார், மருமகள் என்று எல்லோரும் ஒரே தரையில் வேர்க்க விறுவிறுக்க ஆடுவார்கள்.

ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் கூச்சல் போடும் வழக்கம் அங்கே கிடையாது. சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நாலு பேர் உட்கார்ந்தால் தாளப்பெட்டிக்காரரின் மானம் கப்பலேறிவிடும்.

கயற்கண்ணி முன்னால் மட்டும் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. நாட்டிலேயே கெட்டிக்காரத் தாளப்பெட்டிக்காரி அவள். பெட்டியைத் தொடாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் ஏழ்கடல் கம்பெனி வந்து சேர்ந்தது. ஒரே மழைக்காலத்தில் நாட்டின் ஆட்டக்கூடங்கள் அத்தனையையும் வாங்கிப் போட்டது. கூரை புதிதாயிற்று, மோர் இலவசமாயிற்று, ஜனங்களுக்கு ஒரே குஷி. பிறகு விஷயம் கசிந்தது. கிழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நொச்சியூர் என்ற ஊரைப் பக்கத்து நாட்டரசன் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பீரங்கியும் குண்டும் வார்த்துக் கொடுப்பது இதே கம்பெனிதானாம். நொச்சியூரில் கயற்கண்ணியின் சித்தி குடியிருந்தாள்.

"நான் இங்க திருகுற ஒவ்வொரு திருகுக்கும் சித்தி வீட்டுக் கூரையில ஒரு குண்டு விழுதுடி" என்றாள் கயற்கண்ணி, கூடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் செவந்தியிடம். "இனிமே கம்பெனிக் கூடத்துல கை வைக்க மாட்டேன்."

"எல்லாக் கூடமும் கம்பெனிக் கூடம்தானேக்கா. பெறகு எங்க போயி வாசிப்ப?"

"வாசிக்கலன்னா செத்தா போயிடுவேன்?"

செத்துப்போய்விடுவோமோ என்று உள்ளுக்குள் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவள் விலகிய செய்தி பரவியது. ஜனங்கள் வழக்கம்போல் கூடங்களுக்குப் போனார்கள், இலவச மோரைக் குடித்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். நாடு முழுக்க ஒருவரும் ஆடவில்லை.

பேரமைச்சர் தத்துவராயர் அரசவையில் எழுந்தார். "நாட்டில் அமைதி நிலவுகிறது, மகாராஜா. ஆனால் அது உட்கார்ந்த நிலையில் நிலவுகிறது. இதை அரசு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க இயலாது" என்று முழங்கினார்.

மறுநாள் உட்காரத் தடை விதிக்கப்பட்டது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதால், கூடத்துக்கு மட்டுமின்றி நாடு முழுமைக்கும் தடை. நாற்காலி, பெஞ்சு, முக்காலி, மணை எல்லாம் பறிமுதல். பல் வைத்தியர் நின்றபடி, நின்றவர்களுக்குப் பல் பிடுங்கினார். கல்யாணப் பந்தியில் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு ரசம் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி மேலும் சொல்வது நாகரிகமல்ல.

ஜனங்கள் கூடத்துக்குப் போய்த் தூண் மாதிரி நின்றார்கள். உடனே அடுத்த ஆணை வந்தது. இசை கேட்கும்போது அசையாமல் நிற்பது ராஜதுரோகம். இதைக் கண்காணிக்க அசைவு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு தேர்தல் வேறு. அசைந்தவர்கள் எல்லோரும் மகாராஜாவுக்கு வாக்களித்ததாகக் கொள்ளப்பட்டது. கொசு கடித்துக் காலை உதறியவர்களும் அதில் சேர்த்தி. மகாராஜா அமோக வெற்றி பெற்றார். குடிமக்களுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

கம்பெனி முகவர் பவளநாதர் நல்ல மனிதர், அதட்டிப் பேசவே தெரியாது. அவர் அமைச்சரிடம் வந்தார்.

"எதுக்குங்க இத்தனை கெடுபிடி? பாவம், புறக்கணிக்கணும்னு ஆசைப்படுறாங்க. ஆசை தீரப் புறக்கணிக்கட்டுமே. அதுக்கு வசதியா ஒரு இடந்தான் இல்லை."

சில வாரங்களில் கிழக்கு எல்லையோரத்து மாந்தோப்பில் 'விடுதலைக் கூடம்' எழுந்தது. 'கம்பெனிக்கு இங்கே இடமில்லை' என்று வாசலில் பெரிய பலகை. பலகையில் எழுதியிருந்தால் கும்மாளபுரிக்காரர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள், அது அவர்கள் பிறவிக்குணம். கயற்கண்ணியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் எத்தனை நாள் பசி அவளுக்கு!

திறப்பு விழாவில் அவள் பெட்டியைத் திருகியதும் தோப்பே அதிர்ந்தது. வீங்கிய கால்களோடு ஜனங்கள் குதித்துக் குதித்து ஆடினார்கள். செவந்தி அழுதுகொண்டே ஆடினாள். நம் பக்கம்தான் ஜெயித்தது என்று கயற்கண்ணிக்கு நெஞ்சு பூரித்தது.

அந்த நேரம் பார்த்துத் தத்துவராயர் மேடையேறி, தாளத்தை நிறுத்தச் சொல்லிக் கையமர்த்தினார். பூமாலையைக் கண்டால் அவருக்கு வாய் நிற்காது.

"பெரியோர்களே! உங்கள் புறக்கணிப்பையும் தன் சொந்தப் பிள்ளையாகத் தத்தெடுத்து, இக்கூடத்தைக் கட்டி, இன்றுமுதல் நடத்தவிருக்கும் ஏழ்கடல் கம்பெனிக்கு அரசின் சார்பில் நன்றி கூறி, முகவர் பவளநாதருக்கு இந்த மாலையை அணிவிப்பதில்..."

கயற்கண்ணிக்குக் காது அடைத்தது. பெட்டியின் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினாள். மேடை நடுவில், சட்டம் தடுத்ததை, கால்களை மடக்கிச் செய்தாள். தாளப்பெட்டிக்காரியே தன் மேடையில் உட்கார்ந்ததை அந்த நாடு அதுவரை கண்டதில்லை. செவந்தி உட்கார்ந்தாள். பிறகு கொத்தனார், நீதிபதி, மாமியார், மருமகள், கடைசியில் கண்காணிக்க வந்த அசைவு ஆய்வாளர்களும் கால் வலி தாங்காமல் உட்கார்ந்தார்கள். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு தோப்பு முழுக்க எழுந்தது. கயற்கண்ணிக்கும் மனசு லேசாகிவிட்டது. இனி வாசிக்காமலும் இருந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

ஒரு சத்தமும் இல்லை. அப்போது கிழக்கே, வெகு தூரத்தில், நிதானமாக ஒன்று கேட்டது.

தொம்... தொம்... தொம்...

ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கயற்கண்ணி, "சித்தி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் பவளநாதரின் கால் மெல்லத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. சற்றுமுன் கழுத்தில் விழுந்த மாலை குலுங்க அவர் அமைச்சர் பக்கம் சாய்ந்தார்.

"அட, ஜோரா இருக்கே! யாரோட தாளங்க இது?"

தத்துவராயர் இடுப்பை வளைத்துப் பணிவாகச் சொன்னார்: "தங்களுடையதுதான், ஐயா."

"நம்மளுதா? அப்போ சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."