பொம்மைகள் பார்க்க எழுதிய பரீட்சை

நல்ல நாள் பார்த்துக் காரியம் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நல்ல நாளைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். நல்ல நாளுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

நான் எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள். (மூன்றாவது முறை யோசிக்கும்போது முதலில் யோசித்தது மறந்துவிடும்.) கேஸை அணைத்தோமா என்று பார்க்கத் தெருவிலிருந்து மாடியேறி வந்து, அணைத்திருப்பதைப் பார்த்து, அதையும் நம்பாமல் ஒருமுறை பற்றவைத்து அணைத்துவிட்டுப் போகிற ரகம். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவைத்தான் சட்டென்று எடுத்தேன். சரஸ்வதி பூஜையன்று பரீட்சை எழுதுவது என்று.

திருச்சியில் பி.காம். இரண்டு வருடம் முடித்திருந்தபோது கல்யாணம் ஆகி, புனேயில் நிக்டிக்கு வந்துவிட்டேன். அப்புறம் நிலா பிறந்தாள். என் பட்டப்படிப்பு பாதி அரைத்த மாவுபோல அப்படியே கிடந்தது. நிலாவுக்கு மூன்று வயதானதும் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தேன். மூக்குத் துடைப்பது, ஷூ மாட்டுவது, மாட்டிய ஷூ வேறு குழந்தையுடையது என்று கண்டுபிடிப்பது, இவைதான் வேலை. ஒருநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார்: "தீபாவளி லீவு முடிந்ததும் ஒரு டீச்சர் இடம் காலியாகிறது. உங்களுக்குக் கொடுக்கத்தான் ஆசை. ஆனால் டிகிரி வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டாக வேண்டும்."

அப்போது மழைக்காலம் தொடங்கியிருந்தது. தீபாவளிக்குள் டிகிரியா? வடைக்கு ஊறப்போடுவது போலல்லவா கேட்கிறார் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தபோதுதான் அப்படியும் வழி இருப்பது தெரிந்தது. ஒரு ஆன்லைன் பல்கலைக்கழகம். பழைய கல்லூரியில் நான் தேறிய பாடங்களை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மீதிக்கு, வெளியே சின்னச் சின்ன ஆன்லைன் பாடங்களாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்தபடியே பரீட்சை எழுதி, கிரெடிட் சேர்க்க வேண்டும். போதுமான கிரெடிட் சேர்ந்தால் பட்டம். செலவும் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

பக்கத்து ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர் செந்தில் உடனே புரிந்துகொண்டார். "பழைய ஸ்கூட்டரைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கற எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். அதானே?"

அத்தைக்குத்தான், அதாவது என் மாமியாருக்கு, சமாதானம் ஆகவில்லை. அத்தை இதே புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் இந்தியும் மராத்தியும் கடுகும் கறிவேப்பிலையுமாகக் கிடக்கும். "அரே, காலேஜ் பக்கமே போகாம டிகிரியா? அடுப்பு பக்கமே போகாம சாம்பார் வெச்சேங்கற மாதிரி இருக்கே!"

ஆனாலும் நிலாவைப் பார்த்துக்கொண்டது அத்தைதான். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு பாடம், நிலா தூங்கி எழுவதற்குள் ஒரு பாடம் என்று படித்தேன். புள்ளியியல் தேறினேன். ஊட்டச்சத்து தேறினேன். (பரீட்சைக்கு முன்தினம் மூன்று வேளையும் நூடுல்ஸ்.) கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி: மன அழுத்த மேலாண்மை. சிரிக்காதீர்கள். கிரெடிட் அதிகம், பாடம் கொஞ்சம்.

பரீட்சைக்கு நாள் தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறந்தேன். சரஸ்வதி பூஜையன்று காலை பதினொரு மணி காலியாக இருந்தது. படிப்புக்கென்றே ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்துக்கென்றே ஒரு நாள், அந்த நாள் எனக்காகக் காத்திருக்கிறது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுத்திவிட்டேன். 'இனி மாற்ற இயலாது' என்று திரையில் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: அன்றைக்குப் புத்தகங்கள் பூஜையில் இருக்கும், தொடக்கூடாது, படிக்கக்கூடாது. சின்ன வயதில் யாரும் மிரட்டாமலே நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சம்பிரதாயம் அதுதான். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைப்போம்.

அத்தையிடம் போய் நின்றேன். அத்தை சற்று யோசித்தார். "எக்ஸாம் எழுதத்தானே போறே? படிக்கப் போறதில்லையே? முந்தின நாளே படிச்சு முடிச்சுடு. டென்ஷன் நக்கோ, வேணாம்."

இவ்வளவு தெளிவான தீர்ப்பை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் லேப்டாப்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

அன்று காலை நான் நிலாவைக் குளிப்பாட்டி வெளியே வந்தபோது வீடே சந்தன மணத்தில் இருந்தது. தொழிற்சாலையிலும் அன்று இயந்திர பூஜை என்பதால் செந்தில் விடியும்போதே போயிருந்தார். அத்தை ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் ஒரு கையில் குங்குமச் சிமிழுமாக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தார். மிக்ஸிக்குப் பொட்டு, ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு, நிலாவின் மூன்று சக்கர சைக்கிளுக்குப் பொட்டு. ஹாலில் ஐந்து படி கொலு. அதன் முன்னால் ஒரு மணை. மணைமேல் என் லேப்டாப், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, கொலுவைப் பார்த்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது.

"எக்ஸாமுக்குப் போற மெஷினாச்சே! அதுக்குத்தான் மொதல் பொட்டு" என்றார் அத்தை.

"அத்தை, பதினோரு மணிக்கு இது எனக்கு வேணுமே!"

"பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். அசைக்கக்கூட கூடாது."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே வழியும் சொன்னார். "எடுக்கத்தானே கூடாது? அங்கேயே உக்காந்து எழுது."

"சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டா?"

"சாமியெல்லாம் உனக்குப் பின்னால நிக்கறாங்கன்னு நெனச்சுக்கோ. சலோ, உக்காரு."

நிலாவைத் தூக்கிக்கொண்டு அவர் படுக்கையறைக்குள் போனார். நான் கொலுவுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பரீட்சைப் பக்கத்தைத் திறந்ததும் திரையில் வந்த முதல் அறிவிப்பு: 'முகம் தெரியவில்லை.'

நிமிர்ந்தேன். குனிந்தேன். சிரித்துப் பார்த்தேன். எங்கேயோ உட்கார்ந்து கண்காணித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் குரல் கேட்டது. "மேம், ப்ளீஸ் கம் இன் ஃப்ரன்ட் ஆஃப் த கேமரா."

"சார், முன்னாலதான் இருக்கேன்" என்று இந்தியில் சொன்னேன்.

அப்போதுதான் பார்த்தேன். அத்தை பொட்டு வைத்திருந்தது லேப்டாப்பின் நெற்றியில். லேப்டாப்புக்கு நெற்றி எது? திரைக்கு மேலே, நட்டநடுவில். அங்கேதான் கேமராவும் இருக்கிறது. கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கேமரா கண்மூடித் தியானத்தில் இருந்தது.

புடவைத் தலைப்பால் துடைத்தேன். இப்போது நான் தெரிந்தேன், ஆனால் சிவப்பாக.

"மேம், ஆர் யூ ஓகே? உடம்பு சரியில்லையா?"

பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து ஒருவழியாகப் பழைய நிறத்துக்கு வந்தேன். அடையாள அட்டையைக் காட்டினேன். அப்பாடா என்று மூச்சு விடும்போது திரையில் சிவப்பாக ஒரு கட்டம்: 'அறையில் பலர் இருக்கிறார்கள். முதல் எச்சரிக்கை.' மூன்று எச்சரிக்கை வந்தால் பரீட்சை ரத்து. இந்தப் பரீட்சை ரத்தானால் அடுத்த வாய்ப்பு பொங்கலுக்குத்தான். டீச்சர் வேலை வேறு யாருக்கோ.

"மேம், உங்களுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களே, யார் இவர்கள்?"

அத்தை வாக்கு இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தசாவதாரம், கல்யாண செட்டு, நாதஸ்வரக் கோஷ்டி, கடை வைத்திருக்கும் செட்டியார் தம்பதி, போதாக்குறைக்குச் செந்தில் ஆசையாக வாங்கிய கிரிக்கெட் அணி. சற்றுமுன் ஒரு முகம்கூடக் கிடைக்காமல் தவித்த கம்ப்யூட்டர், இப்போது ஒவ்வொரு முகத்தையும் சுற்றிக் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

"டால்ஸ், சார். ஃபெஸ்டிவல்."

"எல்லாமே டால்ஸா?"

"எல்லாமே டால்ஸ்தான் சார்."

"மேம், இரண்டாவது வரிசையில் இருக்கும் லேடி தலையாட்டுகிறாரே."

ஃபேன் காற்றில் எங்கள் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று இடுப்பையும் தலையையும் ஆட்டிக்கொண்டிருந்தது. நான்கு விடைகளில் எது சரி என்று எனக்குச் சாடை காட்டுவதாக அந்தப் பையன் சந்தேகப்பட்டிருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஃபேனை நிறுத்தினேன். அது மேலும் நான்கு முறை ஆடி, யோசித்து நின்றது.

"மேம், ஐந்து நிமிடம் தருகிறேன். ஒரு முகமும் தெரியக்கூடாது."

பொம்மைகளை எடுக்கக் கூடாது. எல்லோரையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிடலாமா? அம்பாளைத் திருப்ப எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்போது பளிச்சென்று தோன்றியது: கோயிலில் அலங்காரத்தின்போது திரை போடுவதில்லையா? செந்திலுக்கு வாங்கி வைத்திருந்த புது எட்டு முழ வேட்டியைப் பிரித்து, துணி கிளிப்புகளால் கொலுவுக்கு மேலே தோரணம் கட்டிய கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டேன். கொலு மறைந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். (மன அழுத்தம் மேலாண்மைக்குள் வந்துவிட்டது.)

பரீட்சை தொடங்கியது. கேள்விகள் எளிது. வியர்வை கண்ணில் இறங்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பாதியில் வாசல்பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி பாட்டீல் காக்கூ, நவராத்திரியில் அன்றைய நாளுக்கென்று சொன்ன நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு கொலு பார்க்க வந்திருந்தார். கதவருகே தலையை நீட்டி, மாலை போட்ட லேப்டாப்பையும், வெள்ளை வேட்டி போர்த்திய கொலுவையும், நடுவில் கண்கள் சிவந்து உட்கார்ந்திருக்கும் என்னையும் பார்த்தார். "அகோ பாயி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை ஓசையில்லாமல் ஓடிவந்து அவரைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனார்.

படுக்கையறையில் நிலா தனியாக இருக்கிறாள் என்பது அத்தைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். கேள்வி இது: 'எதிர்பாராத நெருக்கடியில் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?' ஆழ்ந்து மூச்சு விடுவது என்று குறிக்கப் போனேன்.

"பே!"

திரையில் என் தோளுக்குப் பின்னால் வேட்டி விலகியது. செட்டியாருக்கும் விக்கெட் கீப்பருக்கும் நடுவிலிருந்து, சந்தனப் பொட்டோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் திரைக்குள் புகுந்து எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ!

இரண்டாவது எச்சரிக்கை.

"மேம்! அது யார்?"

ஐந்து மாதம் படித்த மன அழுத்த மேலாண்மை, ஊட்டச்சத்து, புள்ளியியல் எல்லாம் என்னைக் கைவிட்டன. என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது:

"அதுவும் பொம்மைதான், சார்."

நிலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பொம்மை இல்ல! நான் நிலா!"

தமிழ் தெரியாத அந்தப் பையனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மூன்றாவது எச்சரிக்கை. நான் அழத் தொடங்கினேன். சத்தம் கேட்டு அத்தை உள்ளே வந்து, ஒரு கையால் நிலாவைத் தூக்கி, மறுகையால் லேப்டாப்பைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். (அசைக்கக்கூடாது என்றவர்!) கட்கி இந்தியில் ஒரு பிடி பிடித்தார்.

"பேட்டா, வீட்ல கொழந்தை இருக்காதா? நீ கொழந்தையா இருக்கறப்போ உங்கம்மா ஒரு எடத்துல உக்கார முடிஞ்சுதா? போன் பண்ணிக் கேளு! அஞ்சு மாசமா இந்தப் பொண்ணு குக்கர் பக்கத்துல நின்னு படிச்சிருக்கு. மூணு வயசுப் பொண்ணு பதில் சொல்லிக் குடுக்குமா? இது எண்ணவே தெரியாம அஞ்சுக்கப்புறம் ஒன்பதுன்னு சொல்லும்!"

அந்தப் பையன் மெதுவாக, "ஆன்ட்டிஜி, ரத்து செய்யாமல் வீடியோவை மேலே அனுப்புகிறேன். அவர்கள் முடிவு செய்வார்கள். மேம், மீதிக் கேள்வியை முடியுங்கள்" என்றான்.

ஆழ்ந்து மூச்சு விடுவது என்று குறித்தேன்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொம்மை என்று சொன்னதற்காகவே நிராகரிப்பார்கள் என்று செந்திலிடம் ஒருநாள் சொல்வேன். மறுநாள், வேட்டியைத் திரையாகக் கட்டியதற்காகத்தான் என்பேன். தீபாவளிக்கு முந்தின வாரம் பதில் வந்தது. 'தேர்வரின் பின்னால் இருந்தோர் ஒருவரைத் தவிர அனைவரும் பொம்மைகள் என உறுதி செய்யப்பட்டது. அந்த ஒருவர் விடைகளில் உதவியதற்கான அறிகுறி ஏதுமில்லை. தேர்வு ஏற்கப்படுகிறது.' அதில் பரீட்சைக் குழுவினர் சிரித்தார்களா என்று எழுதவில்லை.

தேறிவிட்டேன். பட்டம் வந்தது, வேலையும் வந்தது. அத்தை இப்போதெல்லாம் ஆயுத பூஜையில் லேப்டாப்புக்குக் காதோரம்தான் பொட்டு வைக்கிறார். கதை முழுக்கக் கேட்டுவிட்ட பாட்டீல் காக்கூ கொலுவுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று, "அறை காலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைகிறார். அந்த வேட்டியை உடுத்தும் நாளெல்லாம் செந்தில், தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று கம்ப்யூட்டர் உத்தரவு போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போகாமல் தப்பிக்கிறார்.

நிலா இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று நான் கேட்டால், கையைக் காலை விறைத்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் நிற்பாள்.

"உன்னத்தான் கேக்கறேன், நிலா!"

"நிலா இங்க இல்லம்மா. நான் பொம்மை. நீதானே சார் கிட்ட சொன்னே?"

பின்னால் திரும்பிப் பார்ப்பேன். சோபாவில் உட்கார்ந்திருக்கும் அத்தை, ஃபேனே ஓடாதபோதும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.