மச்சான் கடைப் பின்வாசலில் ஜின் கிடையாது

பேகம்பூர்,
திண்டுக்கல்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் மீரான் ராவுத்தர் அவர்களுக்கு, தங்கள் தங்கை நர்கீஸின் கணவன் சுபேதார் (ஓய்வு) ஜெகபர் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இவ்விடம் நானும், மகள் ரிஃபாத்தும், மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் விற்காத புத்தகங்களும் நலம். நர்கீஸும் நலமாக இருப்பதாக ரிஃபாத் மூலம் தெரிந்துகொண்டேன். என்னோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டம்மா ஜீனத் அக்காவும், கடையும், முக்கியமாகக் கடையின் பின்கதவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் தங்கள் கடை அடுப்புப் புகை தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருப்பவருக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுவது கேவலம்தான். ஆனால் போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. நேரில் வரலாமென்றால் கால் வருகிறது, மூஞ்சி வரமாட்டேன் என்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் கிழித்து அடுப்பில் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவன் என்ன செய்வான்? ஏதாவது ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவான், இல்லையென்றால் ரெண்டு கறவை மாடு வாங்குவான். நான் நாவல் எழுதினேன். அதையும் ஊர் எதிர்பார்த்தபடி எல்லைச் சண்டைக் கதையாக எழுதியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். நானோ 'சந்துக்குள்ள ஜின்' என்று பேர் வைத்து, நம்ம டவுனுக்குள்ளேயே நெருப்பில் படைக்கப்பட்ட ஜின்கள் மனுசனோடு மனுசனாக ஷேர் ஆட்டோ ஓட்டுகின்றன, ரேஷன் வரிசையில் நிற்கின்றன, பசித்தால் பிரியாணிக் கடைப் பின்வாசலுக்கு எலும்பு தின்ன வருகின்றன என்று எழுதித் தொலைத்தேன். ஜின்னுக்கு எலும்புதான் ஆகாரம் என்று சின்ன வயசில் ஓதப்போன இடத்தில் கேட்டது. பனியில் ட்யூட்டி நின்ற காலமெல்லாம் அதுதான் மனசுக்குள் ஓடியது. நம்ம ஊரில் விழுகிற எலும்புக்கு எம்புட்டு ஜின் வந்து சேரும் என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இன்றைக்கு என் குடியைக் கெடுத்தது.

வெளியீட்டு விழா தங்களுக்கு ஞாபகமிருக்கும். என்னோடு ஒரே யூனிட்டில் இருந்த தொப்பம்பட்டி கண்ணுசாமி தலைமை. புத்தகத்தைப் பிரித்தே பார்க்காத மனுசன், "பக்கத்துக்குப் பக்கம் எதிரியை ஓடவுட்டிருக்காருங்க" என்று பேசிவிட்டு, உணர்ச்சிவசப்பட்டு நடுவில் ஒரு பக்கத்தை விரித்து மைக்கில் வாசித்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பொம்பளை ஜின் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தில் மீதிச் சில்லறை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கண்ணுசாமி என் பக்கம் திரும்பி, "ஏனுங்க சுபேதார், எல்லை எப்பங்க வரும்?" என்று மைக்கை மூடாமலே கேட்டார். அன்றைக்கு முன்வரிசையில் இருந்து ஒரே ஒரு ஆள் கை தட்டியது, அது நீங்கதான் மச்சான். அதை நெனச்சா இப்போ சோறு எறங்க மாட்டேங்குது.

என் தப்பு எங்கே நடந்ததென்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பீரங்கிப் படையில் என் வேலை சுடுவது இல்லை, குண்டு எங்கே விழணும் என்று இடம் சொல்வது. பயிற்சி கொடுத்த எங்க உஸ்தாத் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டையில் ஏத்தினது ஒன்றுதான்: ஆளு பேரை வயர்லெஸ்ஸில் சொல்லாதே, இடத்தை மட்டும் பிசகில்லாமச் சொல்லு, பிசகினா நம்ம ஆளு தலையிலேயே விழும். நாவலிலும் அதையே கடைப்பிடித்தேன். தங்கள் கடைப் பேரை 'நிலாப்பிறை ஓட்டல்' என்று மாத்திப்புட்டேன். முதலாளி மக்காவுக்கு உம்ரா போயிருக்கிறார் என்று ஒரே வரியில் தங்களை ஊரைவிட்டே அனுப்பிவிட்டேன். ஆனா எடம்? பஸ் ஸ்டாண்டுல எறங்கி மலைக்கோட்டையைப் பாத்து நில்லு, தோல் ஊறப்போடுற தோல்ஷாப் வாடை எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம் நட, வாடை அடங்கி மசாலா வாசம் தூக்குற எடத்துல ஒரு கொடுக்காப்புளி மரம், மரத்துக்குப் பின்னால நீலக் கதவு, கதவுல ஒரு மூலை துருப்பிடிச்சிருக்கும். பிசகில்லாமத்தான் சொன்னேன். நம்ம ஆளு தலையிலதான் விழுந்துச்சு.

அப்பவும் புத்தகத்தோட போயிருந்தா ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா புத்தகத்தை ஒரு பயலும் வாங்கல. சின்னாளப்பட்டியில சுங்குடிச் சேலையை ரீல்ஸ் போட்டு விக்கிற சுகன்யாங்கிற பொண்ணு கையில அது எப்படியோ கெடச்சுத் தொலைச்சிருக்கு. அது ஊதாக் கலர் சேலையைக் கட்டிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுலருந்து வரிக்கு வரி வாசிச்சுக்கிட்டே நடந்து வந்து, கரெக்டா ஒங்க பின்கதவு முன்னாடி நின்னு, "பிரண்ட்ஸ், இதான் ஜின் வீடு"ன்னு சொல்லிருச்சு. அப்புறம் நடந்தது ஒங்களுக்குத் தெரியாததில்ல. எலும்பு வச்சு, வேண்டுதலைச் சொல்லி, கதவுல ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைச் சாக்கடையில வீசுனா ஜின்னு காரியத்தை முடிச்சுக் குடுக்கும்னு நான் கதைக்காக எழுதுனது. ஒரு சுவாரசியத்துக்காக எழுதுனது மச்சான், அல்லா மேல ஆணையா வேற நெனப்பு கெடையாது. நம்ம ஊருல போயி பூட்டுக்கா பஞ்சம்? ஆளாளுக்கு ஒண்ணு. பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வாரவுக, திரும்புற வழியில பஸ்ஸை நிப்பாட்டி ஜின்னுக்கு ஒரு பூட்டு. ஜீனத் அக்காகிட்டயே ஒரு அம்மா, "ஏனுங்க, பொண்ணுக்கு வரன் அமையறதுக்கு நல்லி எலும்பு வெக்கோணுங்களா, நெஞ்செலும்பு வெக்கோணுங்களா?"ன்னு கேட்டாங்களாம். இன்னொருத்தர் சுத்த சைவமாம், எலும்பைத் தொட மாட்டேன்னு முருங்கைக்காயைச் சப்பி வச்சுட்டுப் போயிருக்காரு. ஜின்னு வந்துச்சோ இல்லையோ, பேகம்பூர் நாய் அம்புட்டும் வந்துருச்சு.

கதவு தெறக்க முடியாம, கொதிக்கிற அண்டாவை நீங்க முன்வாசல் வழியா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற ஆளுகளுக்கு நடுவுல, "காலை எடு, காலை எடு"ன்னு தூக்கிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு நான் கூனிக் குறுகிட்டேன். பள்ளிவாசல்ல ஹஜ்ரத் என்னைத் தனியாக் கூப்பிட்டு, தோள்ல கையை வச்சு, "ஜின் இருக்கிறது உண்மை பாய். ஆனா அட்ரஸ் கொடுக்கிற அதிகாரம் நமக்கு இல்லை" அப்படின்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அம்புட்டு மெதுவாச் சொன்னாரு பாருங்க, அதான் தாங்க முடியல.

சரி, நாம போட்ட பூட்டை நாமதானே அறுக்கணும்னு, போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச கையோட ஆக்சா பிளேடை எடுத்துக்கிட்டு ஒங்க பின்வாசலுக்கு வந்தேன். இரும்புத் தூள் பறக்கும்னு பழைய பட்டாளத்து ஜாக்கெட்டை வேற மாட்டிக்கிட்டேன். அதுதான் வெனையாப் போச்சு. நான் அறுக்க ஆரம்பிச்சதும், "ரைட்டரே வந்துட்டாருடா, ஜின்னைத் தெறந்து விடப்போறாரு"ன்னு ஒருத்தன் கத்துனான். சந்து நெறஞ்சுபோச்சு. எல்லாக் கையிலயும் போன். கடைசிப் பூட்டு அறுந்து விழுந்துச்சு, கதவு தானாத் தெறந்துச்சு, உள்ளருந்து குப்புன்னு புகை, அந்தப் புகைக்குள்ள பனியனோட, கையில பெரிய கரண்டியோட, கண்ணெல்லாம் செவந்து நீங்க. ஜனம் "ஜின்னு!"ன்னு அலறி ஓடுச்சு. ஒரு அம்மா ஒங்க கால்ல விழுந்து பையனுக்கு துபாய் விசா கேட்டுச்சு. அந்த எடத்துலயே பூமி பொளந்து என்னைய முழுங்கியிருந்தா சந்தோசமாப் போயிருப்பேன்.

நீங்க என்னைய அடிக்கல. ஏசல. நிக்காஹ் ஆன நாள்லருந்து "மாப்ளே"ன்னு மட்டுமே கூப்பிட்ட வாயால, "சுபேதார் சார், ஒங்க மக கல்யாணத்துக்கு வடக்கேருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து ஆக்கிக்கிருங்க"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டீங்க. நான் வடக்கே இருந்துட்டு வந்தவன்னு குத்திக்காட்டுறீங்கன்னு வெளங்குச்சு. சுபேதார் சார்னு எத்தனையோ பேரு கூப்பிட்டிருக்காங்க மச்சான், ஒருதடவைகூட வலிச்சதில்ல.

ஒங்க வீட்டு வழக்கத்தை ஒங்களுக்கே நான் சொல்லணுமா? ஒங்க குடும்பத்துப் பொண்ணு எவளுக்கு நிக்காஹ்னாலும், தாய்மாமன் பிரியாணிக்குத் தம் போட்டு, தாய்மாமன் கையால தம் ஒடைச்சு, மொத வாய் பொண்ணுக்கு ஊட்டுன பெறகுதான் சபைக்குப் பந்தி. வர்ற மாசம் நிக்காஹ். "மீரான் மாமா வந்து தம் ஒடைக்கலைன்னா நான் மேடையேற மாட்டேன் அத்தா, நீங்க ஒங்க ஜின்னை ஒக்கார வச்சுக்கங்க"ன்னு ரிஃபாத் சொல்லிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? பொண்ணு முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு. நான் லீவுல வந்து வந்து போனவன். அவளுக்குக் காதணி விழாவுலருந்து காலேஜ் சேத்தது வரைக்கும் பக்கத்துல நின்னது நீங்க. இந்த ஒரு நாளும் என் கிறுக்குத்தனத்தால கெட்டுப்போகணுமா?

நீங்க புத்தகம் படிக்கிற ஆளு இல்ல. ஊருல நாலு பேரு சொன்னதைக் கேட்டுத்தான் ஒங்களுக்குக் கோவம். ஒங்க கடைச் சாப்பாட்டை நான் எறக்கி எழுதிட்டேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. எம்புட்டு ஒசத்தியா எழுதியிருக்கேன்னு நீங்களே பாருங்க: 'தம்மை உடைத்து மூடியைத் தூக்கியதும், விரல் நீளப் பாசுமதி ஒன்றோடொன்று ஒட்டாமல், பரேடு மைதானத்துச் சிப்பாய்களைப் போல் விறைத்து நின்று ஜின்னுக்குச் சலாம் வைத்தது.' இந்த வரியைப் படிச்சுட்டுச் சென்னைப் பதிப்பாளரே போன் போட்டுப் பாராட்டுனாரு. நான் வாசிச்சுக் காட்டுனப்போ கண்ணுசாமிக்குக் கண்ணு கலங்கிருச்சு. புத்தகத்துல குத்தமே சொல்ல முடியாத வரின்னா இது ஒண்ணுதான்.

ஆகையினால், இனிமேல் பேனாவைத் தொட மாட்டேன் என்றும், மீதமுள்ள புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றும், ரெண்டாம் பாகம் எழுதும் எண்ணத்தைத் தலைமுழுகிவிட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். தாங்கள் சமைக்கக்கூட வேண்டாம், வந்து நின்றால் போதும். தங்களுக்கும் ஜீனத் அக்காவுக்கும் நீண்ட ஆயுளையும், கடைக்கு பரக்கத்தையும், பின்வாசலுக்கு அமைதியையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

தலைகுனிந்து நிற்கும்,
ஜெகபர் அலி.

பின்குறிப்பு: கவரை ஒட்ட ரெண்டு சோத்துப் பருக்கை கேட்டு அடுப்படிக்குப் போனேன். நர்கீஸ் கடிதத்தை வெடுக்குன்னு பிடுங்கி நின்னவாக்குலயே படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, இத்தனை நாளைக்கு அப்புறம் வாயைத் தெறந்து, "எங்கண்ணன் எதுக்குக் கோவிச்சிருக்குன்னுகூடத் தெரியாமத்தான் இம்புட்டு எழுதியிருக்கீங்களா?"ன்னு கேட்டா. நீங்க என் புத்தகத்தைக் கல்லாப்பெட்டிக்கு அடியில வச்சு, மத்தியானப் பந்தி ஓஞ்ச பெறகு தெனமும் படிச்சு, ரெண்டு தடவை முடிச்சுட்டீங்களாமே. கழிப்பிடத்து ஜின்னை நெனச்சு நெனச்சுச் சிரிச்சீங்களாமே. பூட்டு, எலும்பு, நாயி, விசா, எதுலயும் ஒங்களுக்கு வருத்தமே இல்லையாமே. ஒரே ஒரு பக்கத்தைத்தான் மடிச்சு வச்சு அவகிட்டக் காட்டுனீங்களாம். "ஜின்னு பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும். என் சட்டியில பாசுமதியா? என் தங்கச்சி நிக்காஹுல என் கையால சீரகச் சம்பா தின்ன மனுசன், நம்ம ஊரு அரிசியையே மறந்துட்டாருல்ல"ன்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சீங்களாம். வடக்கேருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னது இப்பத்தான் எனக்கு வெளங்குது.

மச்சான், மேலே எழுதுன மன்னிப்பு அம்புட்டையும் வாபஸ் வாங்கிக்கிறேன். இந்த ஒரு மன்னிப்பை மட்டும் எடுத்துக்கிருங்க. கொடுக்காப்புளி மரத்தை மறக்கல, கதவுல இருக்கிற துருவை மறக்கல, நாக்குல இருந்ததை மறந்துட்டேன். பட்டாளத்துச் சமையக்கூடத்துல, அந்த லங்கர்ல, தட்டேந்தித் தின்னு தின்னு எனக்கே தெரியாம வெளியூர்க்காரனாப் போயிட்டேன். வெக்கமா இருக்கு. புத்தகத்தை எடைக்குப் போடல. மாடிப்படிக்குக் கீழ ஒக்காந்து, ஒவ்வொண்ணுலயும் பாசுமதியை அடிச்சுட்டுச் சீரகச் சம்பான்னு கையால எழுதிக்கிட்டு இருக்கேன். விரல் நீளத்தையும் அடிச்சாச்சு. நர்கீஸ் பக்கத்துல ஒக்காந்து சரி பாக்குறா. நீங்க வந்து தம் ஒடைங்க. ரிஃபாத்துக்கு ஊட்டுன கையோட எனக்கும் ஒரு வாய் குடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எந்த அரிசின்னு நான் சொல்றேன். சொல்லத் தெரியலைன்னா, பொண்ணைப் பெத்த அத்தா இவன்னுகூடப் பாக்காம என்னையப் பின்வாசல் வழியா வெளியே அனுப்பிருங்க.