சால்வே என்றால் வணக்கம்

"டாடி, தலையைச் சொறியாதீங்க. ரோமாபுரிப் பிரபு சொறிஞ்சுக்க மாட்டாரு" என்றாள் எலைன்.

ஏசுபாதம் கையை இறக்கினார். உடம்பில் வெள்ளைப் போர்வை. தலையில் இலைக் கிரீடம். ரோமாபுரி இலை சுரங்க ஊரான கோரமண்டலில் கிடைக்காததால் வேப்பிலை.

"மாரியாத்தா வந்து எறங்குனாப்பல கீதுண்ணா" என்றான் ஆட்டோ ஓட்டும் காத்தவராயன்.

ஏசுபாதம் பொறுத்துக்கொண்டார். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களா வராந்தாவில் எடுக்கப்படும் இந்தக் காட்சி பிடித்துவிட்டால், இணையத்தில் லத்தீன் கற்பிக்கும் ஒரு பள்ளி எலைனுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை தரும். பிடிக்காவிட்டால், பழையபடி விடியுமுன் பெங்களூர் ரயிலில் ஒற்றைக்காலில் பயணம். மகளுக்காக அவர் சிங்கத்தின் வாயிலேயே தலையைக் கொடுப்பார். வேப்பிலை எம்மாத்திரம்?

காட்சி எளிது. ரோமாபுரியில் காலை வேளையில் ஊரார் பிரபுவின் வாசலுக்கு வந்து "சால்வே" என்பார்களாம். பிரபுவும் "சால்வே" என்று சொல்ல வேண்டும். அசையக் கூடாது.

கல்யாண வீடியோ எடுக்கும் கிளாரன்ஸ் கேமராவைத் தட்டினான். காத்தவராயன் வந்தான். "சால்வை!" என்று முழங்கி, ஜரிகைச் சால்வை ஒன்றை ஏசுபாதத்தின் தோளில் போர்த்தினான்.

"கட்! இன்னாண்ணா இது?" என்றாள் எலைன்.

"நீதானேம்மா சால்வைன்னே?"

"சால்வே! அப்படின்னா வணக்கம்."

"பெரிய மனுசனுக்கு வெறும் வாய்லயா வணக்கம் வெப்பாங்க?"

ஏசுபாதத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சால்வை என்றாலே அவருக்கு ஆகாது. ஊர்ச் சங்கத்தார் பாராட்டுக் கூட்டம் வைத்தபோது பின்கதவு வழியாக நழுவி, அடுத்த ஊரான பேத்தமங்களா வரை நடந்தே போனவர். இப்போதும் எழப் பார்த்தார்.

"அசையாதீங்க டாடி! என் வேலையே போயிடும்!"

உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து, ஊராராக நடிக்க வரிசையில் நின்ற அக்கம்பக்கத்தாரில் ரத்தினம்மா. "சால்வே" என்று சுத்தமாகத்தான் சொன்னாள். எலைன் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் முந்தானையிலிருந்து ஒரு சால்வை வெளியே வந்தது.

"எம் பொண்ணுக்கு வலி கண்ட அன்னிக்குக் கொட்ற மழைல கோலார் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டிக்கினு போனியேண்ணா. பேரனுக்கு இப்ப மீசை மொளைக்குது. மறப்பனா?"

"ஆன்ட்டி, லத்தீன்ல பேசுங்க!"

"நன்றிக்கு அங்க இன்னா சொல்றது?"

"கிராத்தியாஸ்."

"கிராத்தியாஸ்ணா!" இன்னொரு சால்வை.

எலைன் எல்லாரிடமும் இருந்த சால்வைகளைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள். வினையே அங்கேதான் வந்தது. அடுத்து வந்த மேக்ஸ்வெல் தன் ரோமாபுரிப் போர்வையையே உருவிப் பிரபுவுக்குப் போர்த்திவிட்டு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றான்.

"எங்கப்பாவுக்கு மூச்சு முட்டினப்ப ராத்திரின்னும் பாக்காம வந்தீங்களே அங்கிள். சால்வே!"

பின்னால் நின்றவர்களும் உருவத் தொடங்கினார்கள். ஒரு சாம்ராஜ்யமே பனியனுக்கு இறங்கியது. போர்வை தீர்ந்ததும் பங்களாவின் ஜன்னல் திரை வந்தது. ஏசுபாதம் மறைந்துபோய் வேப்பிலை மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளிருந்து பெருகிய வியர்வை படியில் தேங்க, இரண்டு காக்கைகள் அதில் குளித்துவிட்டுப் போயின. அத்தனைக்கும் ஒவ்வொருவருக்கும் "சால்வே" என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் துணிக்குவியலை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. எலைன் தூணைப் பிடித்துத் திரும்பி நின்றிருந்தாள். தோள்கள் குலுங்கின.

"அழாதம்மா. எல்லாம் என்னாலதான். கிளாரன்ஸு, இன்னொருவாட்டி எடுப்பா. இவ வேலையக் கெடுத்துட்டாங்களேப்பா!"

கிளாரன்ஸ் கேமராவை மூடினான்.

"பாடத்துக்கு வேண்டிய சீனைக் காத்தவராயண்ணன வச்சு போன வாரமே எடுத்து அனுப்பி, வேலையும் கெடைச்சாச்சு அங்கிள், ஊரே சால்வை போத்துறப்ப நீங்க எழுந்து ஓடாம இருக்கத்தான் இன்னிக்கு ரோமாபுரி."