விட்டாச்சு அண்ணனின் கேரி தீவுப் பயணம்

பயணம் போனால் மனிதன் வளர்வான் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் பார்த்தவரையில், பயணம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் விட்டாச்சு அண்ணன்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும். கிள்ளானில் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன ஆபீஸில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. இப்போது பிள்ளைகள் ‘மைண்ட்ஃபுல் டிராவல்’ என்று பாலித் தீவுக்குப் போய், கண்ணை மூடி உட்கார்ந்து, தன்னை அறிந்துகொண்டு, அதைப் படமும் எடுத்துப் போடுகிறார்கள். கண்ணை மூடியிருந்தால் படம் எடுத்தது யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விட்டாச்சு அண்ணன் இதையெல்லாம் படம் இல்லாமலே செய்துகொண்டிருந்தவர்.

எல்லாம் காசியில் ஆரம்பித்தது. காசிக்குப் போனால் பிடித்த காய் கனி எதையாவது அங்கேயே விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்பது வழக்கம். அண்ணன் ஒரு டூர் குரூப்போடு போனார், கங்கையில் முங்கினார், பாகற்காயை விட்டுவிட்டு வந்தார். வந்த கையோடு கேரி தீவில் தங்கச்சி வீட்டில் விருந்து. சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, பொரியல் பாத்திரத்தோடு வந்த தங்கச்சி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம்.

“அண்ணனுக்கு வைக்காதீங்க. பாகக்காய காசியில விட்டுட்டு வந்திருக்கு. பொறந்ததுலேர்ந்து அத வாயில வச்சதே இல்ல. பாவம், காசிக்கு எங்க தெரியப்போவுது!”

சிரித்த சிரிப்பில் சித்தப்பா ஒருவருக்குப் புரை ஏறிவிட்டதாம். அண்ணன் கையைக் கழுவினார், செருப்பை மாட்டினார், கிளம்பினார். அதோடு தங்கச்சி வீட்டுப் பேச்சும் போச்சு, கேரி தீவும் போச்சு. கிள்ளானிலிருந்து காரில் போனால் ஒரு பாட்டுக் கேசட் முடிவதற்குள் வந்துவிடும் ஊர் அது. கூடப்பிறந்தது அந்த ஒரு தங்கச்சிதான். இருந்தும் அவர் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சபதம் எடுத்தார். இனி எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வருவது, அதுவும் உயிருக்கு உயிராகப் பிடித்ததை மட்டும்.

நாமெல்லாம் பயணம் என்றால் முதலில் ஹோட்டல் பார்ப்போம். அண்ணன் முதலில் எதை விடுவது என்று யோசிப்பார். அப்புறம்தான் ஊர். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“ஒரு பொருள அது எங்க விளையுதோ அங்கதான் விடணும்மா. தேத்தண்ணிய கொண்டுபோய் மீன் விக்கிற பாசார்ல விட்டா அதுக்கு என்னா மரியாதை?”

ஆபீஸ் டூரில் கேமரன் மலைக்குப் போனபோது அந்த மரியாதையை நேரில் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கையில் கடைசிக் கோப்பையோடு நின்றார். எங்கள் போனையெல்லாம் பைக்குள் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு வாயாகக் குடித்தார், மலையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். குளிரில் எங்களுக்குப் பல்லு தந்தியடித்தது. பஸ் ஓட்டி வந்த மலாய்க்காரர் என் பக்கம் சாய்ந்து, “டியா சாக்கிட் கே?” என்று கேட்டார், இந்த ஆளுக்கு உடம்புக்கு முடியலையா என்று. கடைசியில் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, “விட்டாச்சு” என்றார். அந்தப் பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

அப்புறம் ஈப்போவில் காப்பி, பினாங்கில் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு. ஆபீஸுக்குக் கீழே பாய் கடையில் மத்தியானம் அவரோடு சாப்பிட உட்கார்வது எங்களுக்குப் பெரிய சோதனை.

“பாஸ், தே தாரிக்?” என்பார் பாய்.

“கேமரன்ல விட்டாச்சு.”

“கோப்பி?”

“ஈப்போவுல விட்டாச்சு.”

“மைலோவாச்சும் இருக்கா, அதுவும் போச்சா?”

“இருக்கு, பாய். ஒரு மைலோ.”

பாய் உள்ளே பார்த்து, “அண்ணே இனிமே எந்த ஊருக்கும் போகாம இருக்கணும், யா அல்லா” என்பார். ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் சொன்னார்.

சாப்பாட்டோடு நின்றிருந்தால் எங்களுக்குக் கவலை இல்லை. குணங்களில் கை வைத்தார். தைப்பிங் போய்க் கோபத்தை விட்டார். ஓயாமல் மழை பெய்கிற ஊர், அங்கேதான் அது அணையும் என்றார். விளையும் ஊர்ச் சட்டம் என்ன ஆனது என்று கேட்டேன். “சட்டம்னா விதிவிலக்கு இருக்கும்மா” என்று முடித்துவிட்டார். அதன்பிறகு லோரிக்காரன் தாமதமாக வந்தால் என் மேசைக்கு வருவார்.

“எம்மா, கீழ ஒருத்தன் நிக்கிறான். எனக்காகக் கொஞ்சம் போய் கோவப்படுறியா? நான் விட்டாச்சு.”

எனக்கு அந்தக் குறையைக் கடவுள் வைக்கவில்லை. போய்க் கோபப்பட்டுவிட்டு வருவேன். அவர் மேலே ஜன்னலில் நின்று, “அம்மா, அவ்வளவு வேணாம், பாவம்” என்பார். அப்போது எனக்கு அவர் மேலேயே கோபம் வரும்.

மலாக்காவில் பொய்யை விட்டதுதான் பெரிய வில்லங்கம். ஏன் மலாக்கா என்று கேட்டதற்கு, “இந்த ஊரையே பரங்கிக்காரன் விட்டான், டச்சுக்காரன் விட்டான், வெள்ளைக்காரன் விட்டான், நான் ஒரு பொய்ய விடக்கூடாதா?” என்றார். அடுத்த வாரமே ஒரு கஸ்டமர் போன் பண்ணிச் சரக்கு எங்கே என்று கேட்டார். கப்பல் நடுக்கடலில் இருக்கிறது என்று சொல்வது எங்கள் தொழில் தர்மம். அண்ணன், “அது இன்னும் எங்க கிடங்குலதான் இருக்கு, பாஸ். இங்கேருந்தே தெரியுது” என்றார்.

எங்கள் முதலாளியம்மா ஒரு சீனப் பெண்மணி. தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “டெல் ஹிம் கோ பேக் அண்ட் டேக் இட் லா!” என்றார். நான் போய்ச் சொன்னேன். அண்ணன் நிதானமாக, “விட்டத எடுக்கக் கூடாதும்மா. பெரிய பாவம்” என்றார். போனை என் மேசைக்கு மாற்றினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கச்சி மகள் மாலதி ஆபீஸுக்கே வந்து நின்றது. கையில் கல்யாணப் பத்திரிகை, கண்ணில் தண்ணீர்.

“அம்மா அனுப்பல மாமா, நானாதான் வந்தேன். தாய்மாமன் மால போடாம மணவறைக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்கள விட்டா எனக்கு வேற மாமா ஏது?”

அண்ணன் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. பொய்தான் வராதே. பிள்ளை அழுதுகொண்டே போனது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏண்ணே, கோவத்தத்தான் தைப்பிங்ல விட்டாச்சே, இன்னும் என்னா?”

“இது கோவம் இல்லம்மா, ரோஷம். அது வேற டிபார்ட்மென்ட்.”

“அதையும் எங்கயாச்சும் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?”

“ரொம்பப் பிடிச்சதும்மா அது.”

“அப்ப உங்க சட்டப்படி அதத்தானே விடணும்? தேத்தண்ணிய தேயிலத் தோட்டத்துல விட்டீங்கல்ல? இந்த ரோஷம் எங்க விளைஞ்சுது? உங்க தங்கச்சி வீட்டுப் பந்தியில. போய் அங்க விடுங்க.”

அண்ணன் எழுந்து போய் ஒரு மைலோ குடித்துவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு தொடங்கியது. இமயமலை ஏறுகிறவன்கூட அப்படித் தயாராக மாட்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் மாமன் சீருக்குப் பட்டுப் புடவை எடுத்தார். நிறம் சரியில்லை என்று மாற்றினார், பழைய நிறமே தேவலை என்று மறுபடி மாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வேறு. தீவுக்குப் போகும் பாலம் வரைக்கும் காரை ஓட்டிப் போவது, திரும்பி வருவது.

“பாலத்தத் தாண்டித்தான் பாருங்களேண்ணே.”

“அது கல்யாணத்தன்னைக்கிம்மா. நீதான் ஓட்டணும். நான் ஓட்டினா கார் தானா திரும்பிக்கிது.”

கல்யாண நாள் காலையில் புது வேட்டி, விபூதி, மடியில் சீர்த் தட்டு என்று என் காரில் ஏறினார். பாலத்தில் ஏறியதும், “நிறுத்தும்மா” என்றார். ஓரங்கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஹார்ன் அடித்தது. நான் தலையை வெளியே நீட்டி அவனுக்கு உண்டானதைக் கொடுத்தேன்.

“விட்டாச்சாண்ணே?”

“இல்லம்மா. ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கிது.”

“முகூர்த்தம் போயிடும்ண்ணே! ரோஷத்தோடயே போய் மால போடுங்க, யாரு கேக்கப் போறா?” என்று கத்திவிட்டு காரை எடுத்தேன்.

கோயில் மண்டபத்து வாசலில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஐயர் நேரமாகுது, நேரமாகுது என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணன் வராமல் என் மகள் மணவறை ஏறமாட்டாள் என்று அந்தம்மா வழியை மறித்து நிற்கிறார். அண்ணனைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

“இதுதான் வர்ற நேரமா? இல்ல, இதுதான் வர்ற நேரமாங்கிறேன்! விடியாம எழுந்திரிச்சு ரோட்டயே பாத்துக்கிட்டு நிக்கிறேன், கண்ணு பூத்துப்போச்சு! உனக்கு நான் தங்கச்சியா இல்ல தெருவுல போறவளா?”

அண்ணனுக்காகக் கோபப்பட வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நான் முன்னால் போனேன். “நீங்க யாரு, கூட்டிட்டு வந்தவங்களா? இன்னும் வெள்ளன கூட்டிட்டு வரக்கூடாதா?” என்று எனக்கும் சேர்த்து விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பின்வாங்கி அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

திட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. “அன்னைக்கி நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ண்ணே. எல்லார் முன்னாலயும் உன்னய…”

“நீ சொன்னது உண்மைதாம்மா,” என்றார் அண்ணன். “எனக்குத்தான் தாங்கல.”

அந்தம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் மாலை போட்டபோது மாலதி அழுதது, தங்கச்சி அழுதார், நாதஸ்வரக்காரர்கூட கொஞ்சம் தடுமாறிய மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தூசி.

திரும்பி வரும்போது பாலத்தில் கேட்டேன். “அப்ப ரோஷத்த விட்டாச்சாண்ணே?”

அண்ணன் எதையோ தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “தெரியலம்மா. பந்தியில உக்காந்தப்ப தேடிப் பார்த்தேன், காணோம்.”

திங்கட்கிழமை போய் முதலாளியம்மாவிடம் வரும் சனிக்கிழமைக்கு லீவு கேட்டார். அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. “எங்க போறே? இந்த வாட்டி என்னா விடப்போறே?” எங்களோடு பழகி அவருக்கு அவ்வளவு தமிழ் வந்திருந்தது.

“ஒண்ணும் இல்ல மேடம்,” என்றார் அண்ணன். “சும்மா தங்கச்சி வீட்டுக்கு.”

மறுபடி எனக்குக் கண்ணில் தூசி. அதை மறைக்கப் பக்கத்து மேசைக்காரனை வேலையைப் பாருடா என்று அதட்டினேன். இப்போதும் சனிக்கிழமைகளில் அண்ணன் கேரி தீவில்தான் இருக்கிறார். அவர் மேசை வேலையை நான் பார்க்கிறேன். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை.