முன்கூட்டியே நகர்த்தப்பட்ட கட்டில்

ஊழியர்களிடையே ஆங்கிலச் சொல்வளம் குறைந்து வருவதை மேலிடம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வந்ததன் விளைவாக, எங்கள் நகராட்சிக் கட்டடப் பிரிவின் வராந்தாவில் ஒரு கரும்பலகை மாட்டப்பட்டது. வாரம் ஒரு சொல். ஊழியர்கள் அதன் பொருளைக் கற்க வேண்டும்; கற்றதைப் பணியில் பயன்படுத்த வேண்டும்; பயன்படுத்தாதவர் பெயர் மேலே போகும். என் கையெழுத்து சுமாராக இருக்கும் என்பதால் பலகை என் பொறுப்பில் வந்தது.

முதல் சொல் ‘ப்ரோஆக்டிவ்’. பொருள்: பிரச்சினை வருவதற்கு முன்பே செயல்படுதல்.

நல்ல சொல்தான். யோசித்து யோசித்துப் பார்த்தும் அதில் ஒரு குற்றமும் எனக்குத் தென்படவில்லை.

தலைமை எழுத்தர் அதை உரக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். “அப்ப, பிரச்சினை வந்த பிறகு செயல்பட்டா?”

“உத்தரவை மீறினதா ஆகும்” என்று அவரே முடித்தார். தன் பணிக்காலத்தில் அவர் எந்த உத்தரவையும் மீறியதில்லை. எதையுமே செய்யாமலிருந்தால் அது சாத்தியம்தான்.

அன்று மதியம் தையல்காரம்மா வந்தார். எங்கள் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் தைத்து, அங்கேயே குடியிருப்பவர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

“சார், உங்க கிடங்குச் சுவரு எங்க வீட்டுப் பக்கமா சாஞ்சுக்கிட்டு நிக்குது. நேர் கீழ என் மாமியார் கட்டில். படுத்த படுக்கையா இருக்காங்க.”

“சாஞ்சே போச்சா?” என்றார் தலைமை எழுத்தர்.

“சாஞ்சிடுச்சு சார்.”

“அடடா. நேரா நின்னப்பவே வந்து சொல்லக் கூடாதா?”

“நேரா நிக்கிற சுவத்துக்கு எதுக்கு சார் வரணும்?”

அவர் பரிதாபத்துடன் பலகையைக் காட்டினார். “இதைப் படிங்கம்மா. வந்துட்ட பிரச்சினையை இப்ப நாங்க எடுக்கிறதில்ல. சுவரு சாயறதுக்கு முன்னாடி நீங்க கவனிச்சிருக்கணும்.”

“அது உங்க சுவரு சார்.”

“அதனாலதான் சொல்றேன், நீங்களும் அதைத் தொட்டுடாதீங்க. அரசாங்கச் சொத்து.”

தையல்காரம்மா திரும்பி நடந்தார். அவர் படியிறங்கும்போது தலைமை எழுத்தருக்கு ஏதோ பொறி தட்டியது.

“ஒரு நிமிஷம்மா. மாமியாருக்கு ஏதாவது ஆச்சா?”

“இன்னும் ஒண்ணும் ஆகல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணுமே ஆகலையா?”

“காலையிலகூட என் சமையலைக் குறை சொன்னாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப சுவத்துக்குத்தான் தகுதியில்ல. உங்க மாமியாருக்கு முழுத் தகுதி இருக்கு!”

மறுநாளே ஆட்கள் போய்க் கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்தினார்கள். போட்டோ எடுக்கப்பட்டது. அறை சிறியது, கட்டில் போன இடத்தில் இருந்த தையல் மெஷின் சுவருக்குக் கீழே வந்தது. தையல்காரம்மா மறுபடி ஓடி வந்தார்.

“சார், அந்த மெஷின்லதான் எங்க சோறு!”

“மெஷின் ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

“தகுதி இருக்கு” என்றார் தலைமை எழுத்தர்.

மெஷின் நகர்ந்தது, துணி அலமாரி கீழே வந்தது. அலமாரிக்கும் தகுதி இருந்தது. அதன் பிறகு அடுப்பு. இடம் போதாமல் எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் வராந்தாவுக்கு வந்து சேர்ந்தன. கடைசியில் கட்டிலும் மாமியாரோடு வந்து பலகைக்குக் கீழே நின்றது.

செய்தி ஊருக்குள் பரவியது. நேராக நிற்கும் கேட்டைப் பற்றி ஒருவர் முறையிட வந்தார். ஒழுகாத கூரையைப் பார்க்க ஆள் அனுப்பும்படி இன்னொருவர் தன் மச்சானை விட்டுச் சிபாரிசு செய்தார். வீடு ஒழுகுபவர்கள் குற்றம் செய்தவர்களைப் போல வெளியே ஒதுங்கி நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. சுவர் விழுந்தது. காலி அறையின் மேல்.

மேலதிகாரியே நேரில் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். “இதுதான்யா ப்ரோஆக்டிவ்!”

“வீடு போச்சே சார்” என்றார் தையல்காரம்மா.

“யாருக்கும் அடிபடலையேம்மா. அதை நினைச்சுப் பாருங்க.”

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ஏம்ப்பா, நான் பொழுதன்னிக்கும் மேலதானே பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். உங்க கூரையில அந்த மூலையிலேர்ந்து இந்த மூலை வரைக்கும் விரிசல் ஓடுதே?”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஓடியது.

“பழைய விரிசல்” என்றார் தலைமை எழுத்தர் துயரத்துடன். “வந்தாச்சு. நாம எதுவும் செய்யறதுக்கில்ல.”

மேலதிகாரி மெல்லத் தன் தலையைத் தடவிக்கொண்டார். “நம்ம தலைக்கு இன்னும் ஒண்ணும் ஆகலையே?”

ஆகவில்லை. எல்லாத் தலைகளுக்கும் முழுத் தகுதி இருந்தது.

எங்கே போவது என்பதுதான் கேள்வி. இனி இடிந்து விழ எதுவுமே மிச்சமில்லாத இடம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் தையல்காரம்மாவின் அறை இருந்த இடத்தில் கற்களை ஒதுக்கி, கூடாரம் அடித்து, மேசைகளைக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. எங்கள் ஆட்கள் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

“அப்ப நாங்க சார்?” என்று வராந்தாவில் நின்று கேட்டார் தையல்காரம்மா.

“உங்க கேஸ் வெற்றிகரமா முடிஞ்சதும்மா” என்றார் தலைமை எழுத்தர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டே. “முடிஞ்சதை மறுபடி எடுத்தா, பிரச்சினை வந்த பிறகு செயல்பட்ட மாதிரி ஆயிடும்.”

கடைசியாகக் கிளம்பியவன் நான். பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆணியை அசைத்தபோது மேலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. மாமியார் அதைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அந்தப் பலகையையாவது விட்டுட்டுப் போயேன் தம்பி. தலைக்கு மேல சாத்தி வச்சுக்கிறேன்.”

“ஆபீஸ் சொத்துங்கம்மா” என்றேன்.

“சரி, எடுத்துட்டுப் போ” என்றார் அவர். “அதுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலையே.”