மூலையிலிருந்து இரண்டாவது மனை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் நலமா? அத்தான் நலமா? அவருடைய கோபம் நலமா? மரியாதைக்கு இவ்வளவு போதும். விஷயத்துக்கு வருகிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் வீடு கிடைத்துவிட்டது அக்கா! ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை, ஆனாலும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மனையே சொல்லிவிட்டது. நீ சிரிப்பாய். அத்தான் சிரிக்கவில்லை, போனில் கத்தினார். "ஏம்ப்பா, என் ஃபிரெண்டு இன்ஜினியர் ஒரே நாள்ல பிளான் தரேங்கிறார். நீ என்னடான்னா காலி மனையில நாற்காலி போட்டு உக்காந்திருக்கியாமே?" சனிக்கிழமைக்குள் என் வரைபடம் வராவிட்டால் வேலை அந்த இன்ஜினியருக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்த மனிதர் மலையிலும் கடற்கரையிலும் ஒரே வீட்டைத்தான் கட்டுகிறார் அக்கா. அத்தானுக்கு ரெடிமேட் சட்டையே வயிற்றருகே பொத்தான் போட மறுக்கிறது, ரெடிமேட் வீடு மட்டும் பொருந்திவிடுமா? (இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டாதே.)

என் வழக்கம் உனக்குத் தெரியும். இடத்தை உட்கார்ந்து பார்க்காமல் நான் ஒரு கோடுகூடப் போட மாட்டேன். வெயில் எப்போது எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காக விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி "டோக்கன் இல்லையா?" என்று கேட்டார், இது பார்க்கிங் இல்லை என்று விளக்குவதற்குள் அவர் போய்விட்டார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள், சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தவர் கண்ணாடியில் கீறல் என்று என்னோடு சண்டைக்கு வந்தார், அந்தச் சண்டையில் வரைபடத்தாள் பறந்து போய் ஒரு நாயின் முன்னால் விழ, அது உன் படுக்கையறையின் மேல் சுகமாகப் படுத்துக்கொண்டது. எழுப்ப மனம் வரவில்லை. வெயில் படாத இடம் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, படுக்கையறையை அங்கேயே வைத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் கேள். பஸ் பிடிக்கப் போகிற அத்தனை பேரும் இந்த மனையில் குறுக்கே நடந்துதான் போகிறார்கள்! இன்ஜினியராக இருந்தால் முதல் வேலையாகச் சுவர் எழுப்பி மறித்திருப்பார். நான் அந்தப் பாதையை அப்படியே விட்டு, வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கி, உன் சமையலறை ஜன்னலைப் பாதை பக்கம் திறந்திருக்கிறேன். நீ அன்றைக்குப் போனில் அழுதாயே, "நாலாவது மாடியில அடைஞ்சு கிடக்கேன்டா, லிஃப்ட்ல கூட யாரும் மூஞ்சி பாக்கிறதில்ல, பேச ஒரு ஆள் இல்ல" என்று. உனக்கு நான் கட்ட வேண்டியது அறைகள் இல்லை, பேச்சுத்துணை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மனையின் ஒரு ஓரத்தில் பெரிய மரம் இருக்கிறது, அதை வெட்டப் போவதில்லை. காற்று அள்ளிக்கொண்டு போகிறது.

தினமும் குடையோடு வரும் ஒரு பெரியவர் என் வேலையைப் பார்த்து அசந்துபோனார். "இவ்வளவு அக்கறையா அளக்கிறீங்களே, யாருக்கு?" என்றார்.

"எங்க அக்காவுக்கு. இந்த மனைய வாங்கிட்டாங்க சார்."

"வாங்கிட்டாங்களா? எனக்குத் தெரியாதே!"

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா வாங்குவாங்க?" என்றேன். மனிதர் முகம் வெளுத்து, குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் ஓடினார். பொறாமை போலிருக்கிறது.

வரைபடத்தை இத்துடன் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் பணிவு, அவர் கோபத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

உன் தம்பி

பின்குறிப்பு: வரைபடத்தை அனுப்பவில்லை. உறையை ஒட்டுகிற நேரத்தில் குடைக்காரர் தன் வக்கீலோடு வந்துவிட்டார். மனை அவருடையதாம். "மூலையிலேர்ந்து ரெண்டாவது மனை" என்று அத்தான் சொன்னபோது மூலை வீட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், அங்கேதான் வீடு நிற்கிறதே என்று நான் அதை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன். மரம், காற்று, பாதை, நாய் எல்லாம் குடைக்காரருக்கு. கோபம் ஆறியதும் வரைபடத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகி, இதையே கட்டப் போகிறேன் என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். உன் மனையில் மரம் இல்லை, காற்றை மூலை வீடு மறிக்கிறது, குறுக்கே ஒரு பூனைகூட நடக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, தலையில் கையை வைத்து உட்கார்ந்தேன். அப்போது மூலை வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தது, கரண்டியும் கையுமாக உன் வயதில் ஒரு அம்மா. "இன்னைக்குத்தான் சரியான இடத்துல உக்காந்திருக்கீங்க. யாருக்கு வீடு? அக்காவுக்கா? முழங்கால் வலியா? எனக்கும்தான்! சமையலறைய இந்தப் பக்கமா வைங்க தம்பி, பேச ஒரு ஆள் இல்லாம எனக்கு வாயே மறந்துடும் போலிருக்கு" என்றார். இதை எழுதும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. புதிய தாளில் இப்போதைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன் அக்கா. சனிக்கிழமை அதை அத்தானிடம் காட்டு.